அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்

கேள்வி:

டாக்டர் ஐயா, எனக்கு 46 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது டவுனில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மூன்று வயதில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, இடது காலை அசைக்க முடியாமல் போனதாம். தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) காய்ச்சல் மருந்து கொடுத்தார். பக்கத்து லயத்துப் பாட்டி சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிட்டார். ஐந்தாம் நாள் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்பைக் கீறிச் சீழ் எடுத்தார்களாம். அன்றிலிருந்து இடது கால் குட்டை, ஒன்றரை அங்குலம் இருக்கும். விந்தி நடந்தே கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டேன். மூன்று வருடமாக வலி தாங்க முடியவில்லை. ராத்திரி திரும்பிப் படுத்தாலே விழிப்பு வந்துவிடுகிறது. ஸ்பெஷலிஸ்ட் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்கிறார். 'உள்ளே இரும்பை வைத்தால் பழைய சீழ் கிளம்பிவிடும்' என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். 60 வயதுவரை தள்ளிப்போடு என்கிறார் அண்ணன். எனக்குச் சர்க்கரையும் உண்டு. அறுவை செய்துகொள்ளலாமா? இரண்டு காலும் சமமாகுமா? இன்னொன்று: அம்மாவுக்கு 72 வயது. நான் வலியில் முனகும்போதெல்லாம் 'நான்தான் உன் காலைக் கெடுத்தேன்' என்று அழுகிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

பதில்:

சகோதரி, கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான விடையில் பாதி உங்கள் அம்மாவிடம்தான் இருக்கிறது.

மூன்று வயதில் உங்களுக்கு வந்தது இடுப்பு மூட்டில் சீழ் பிடிக்கும் நோய். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிதான் இதற்குக் காரணம். தோலில் ஒரு கொப்புளம், கால் விரலில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும், கிருமி ரத்தத்தில் கலந்து, வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் முனையில் போய்த் தங்கிவிடும். இடுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மூட்டுப் பைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எலும்பில் பிடித்த சீழ் நேராக மூட்டுக்குள் உடைத்துக்கொண்டு இறங்கும். சீழ் சேரச் சேர உள்ளே அழுத்தம் ஏறி, பந்து போன்ற எலும்புத் தலைக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களை நசுக்கும். சீழில் இருக்கும் நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கும். இவ்வளவும் நடந்து முடியச் சில நாட்களே போதும்.

வெளியே என்ன தெரியும் என்று பாருங்கள். முழங்காலில் சீழ் பிடித்தால் வீங்கிச் சிவந்து கண்ணில் படும். இடுப்பு மூட்டு சதைக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் தொட்டால் சூடுகூடத் தெரியாமல் போகலாம். 'எங்கே வலிக்குது?' என்று கேட்டால் பிள்ளை முழங்காலைக் காட்டும். இடுப்பு வலி நரம்பு வழியாக முழங்காலில் தெரிவது வழக்கம்தான். முதல் சில நாட்களில் எக்ஸ்ரேயில்கூட எலும்பு நன்றாக இருப்பதுபோல் தெரியலாம். மருத்துவம் படித்தவர்களே தவறவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போன ஒரு தாய்க்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

தாமதம் காலைப் பாதித்தது என்பது உண்மை. அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உங்கள் அம்மாவும் நம்ப மாட்டார். ஆனால் பாட்டி வழித்துவிட்டதால் சீழ் வரவில்லை. அவர் கை வைப்பதற்கு முன்பே சீழ் உள்ளே இருந்தது. 1874-இல் லண்டனில் தாமஸ் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கைக்குழந்தைகளுக்கு வரும் இதே நோயைப் பற்றி எழுதினார். ஆன்டிபயோடிக் இல்லாத காலம் அது. அவர் பார்த்த குழந்தைகளில் பலர் பிழைக்கவே இல்லை. ரத்தத்தில் பரவினால் உயிரையே எடுக்கும் நோய் இது. ஐந்தாம் நாள் உங்கள் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாரே, அதனால்தான் நீங்கள் இன்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

(இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலோடு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், டயப்பர் மாற்றக் காலைத் தூக்கும்போது வீரிட்டு அழுதால், எண்ணெய் போட்டு வழிக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.)

இப்போது சீழ் பயத்துக்கு வருவோம். அக்கம்பக்கத்தில் சொல்வது முழுப் பொய் அல்ல. உலோகத்தின் மேல் கிருமி ஒட்டினால் வழவழப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயோடிக் அங்கே சரியாகப் போய்ச் சேராது. இன்றைய இடுப்பு மாற்று அறுவைக்கு வழி போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962-இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் செய்த மூட்டுதான் இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் தாய். அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்ததும் இதே பயம்தான். அறுவை அறைக்குள் வடிகட்டிய காற்று வர வழி செய்தார். மூச்சுக்காற்று வெளியே உறிஞ்சப்படும் உடையைப் போட்டுக்கொண்டு அறுவை செய்தார். தொடக்கத்தில் நூறில் ஏழு பேர் அளவுக்கு இருந்த சீழ்த் தொல்லை அந்தப் பத்தாண்டுக்குள் நூறில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கும் சாதாரணத் தேய்மானத்துக்குச் செய்யும் முதல் அறுவையில் நூற்றுக்கு ஒருவர் என்பதுதான் பொதுக் கணக்கு. சிறு வயதில் சீழ் பிடித்த மூட்டில் அது சற்றுக் கூடுதல். ஆனால் உங்கள் மூட்டு 43 வருடம் அடங்கிக் கிடந்திருக்கிறது. இடையில் தழும்பு உடைந்து சீழ் வடியாமல், விட்டு விட்டுக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம்.

பலம் என்று நாமாக நினைத்துக்கொண்டு கத்தியை எடுக்க முடியாது. முதலில் தேட வேண்டும். இரத்தத்தில் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு சோதனைகள் செய்வார்கள். உடம்பில் எங்கேயாவது கிருமி வேலை செய்தால் இவை ஏறும். ரத்தச் சோகை இருந்தாலும் ஈஎஸ்ஆர் ஏறும் என்பதால் எண்ணைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசியை மூட்டுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். வருவது சில துளிகள்தான், சில சமயம் அதுவும் வராது. அதைச் சோதனைக் கூடத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். மெதுவாக வளரும் கிருமிகள் உண்டு என்பதால் இரண்டு வாரம்வரை காத்திருப்பதும் உண்டு. இந்த ஊசிக்கு முன் இரண்டு வாரமாவது நீங்கள் எந்த ஆன்டிபயோடிக்கும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தொண்டை வலி என்று பக்கத்து கிளினிக்கில் வாங்கிய நான்கு மாத்திரைகூடக் கிருமியை அடக்கிவைத்து, 'ஒன்றும் இல்லை' என்று பொய் முடிவைத் தந்துவிடும். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லி, நாளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

தேடல் அறுவை மேசையிலும் தொடரும். மூட்டைத் திறந்ததும் ஐந்தாறு இடங்களில் சிறு சிறு திசுத் துண்டுகளை எடுத்து அனுப்புவார்கள். உள்ளே இன்னும் கிருமி இருப்பது தெரிந்தால் அன்றைக்குப் புது மூட்டை வைக்க மாட்டார்கள். இடத்தைச் சுத்தம் செய்து, ஆன்டிபயோடிக் கலந்த எலும்புச் சிமெண்டால் செய்த தற்காலிக மூட்டை வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, எல்லாம் அடங்கிய பிறகு இரண்டாவது முறை திறந்து நிரந்தர மூட்டைப் பொருத்துவார்கள். அப்படி நேர்ந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று குடும்பத்தார் நினைக்க வேண்டாம். சரியான வழி அதுதான்.

ஒருவரைச் சொல்கிறேன். பால்வெட்டுத் தொழிலாளி, ஐம்பதைத் தொட்டவர். தொடையின் பக்கவாட்டில் ஒரு தழும்பு. 'சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தேன்' என்றார். தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். பள்ளமாக, எலும்போடு ஒட்டியிருந்தது, விரலால் தள்ளினால் நகரவில்லை. விழுந்த காயம் அப்படி ஆறாது, உள்ளிருந்து நெடுநாள் சீழ் வடிந்த இடம்தான் அப்படி ஒட்டும். மனைவி வெளியே போனதும் மெதுவாகக் கேட்டேன். பெண் பார்க்கப் போனபோது, வியாதிக்காரன் என்று சொல்லிவிடுவார்களே எனப் பயந்து வீட்டார் சொன்ன கதையாம் அது. கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருடமாக அதையே சொல்லி வந்திருக்கிறார். தழும்பு முப்பது வயதில் ஒருமுறை உடைந்து வடிந்ததையும் அப்புறம்தான் சொன்னார். ஊசி போட்டு எடுத்த நீரில் கிருமி வளர்ந்தது. இரண்டு கட்டமாகச் செய்தோம், நன்றாக நடந்தார். அவர் அந்தக் கதையிலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு காலும் சமமாகுமா? தையல் தெரிந்த உங்களுக்கு இது எளிதில் புரியும். பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் தூக்கி நின்றால், துணி குறைந்திருக்கிறதா, உடுத்துபவரின் இடுப்பு சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பீர்கள் இல்லையா? காலும் அப்படித்தான். எலும்புத் தலை கரைந்து, தொடை எலும்பு மேலே ஏறியதால் வந்த குட்டை ஒரு பங்கு. மூட்டு மடங்கி இறுகி, இடுப்பெலும்பு சாய்ந்ததால் குட்டையாகத் தோன்றுவது இன்னொரு பங்கு. உங்களை நிற்கவைத்து இடது பாதத்துக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, 'இப்போது சமமாக இருக்கிறதா?' என்று கேட்டு அளப்பார்கள். ஸ்கேனிலும் அளப்பார்கள். ஒன்றரை அங்குலம் என்பது கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர். ஒரே அறுவையில் அதற்கு மேல் காலை நீட்டினால், இடுப்புக்குப் பின்னால் இறங்கும் பெரிய நரம்பு இழுபட்டு, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு. எலும்பு மிக மேலே ஏறியிருந்தால், நரம்பைக் காப்பாற்றுவதற்காகவே தொடை எலும்பில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பதும் உண்டு. ஆகவே முழுச் சமத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தால் செருப்புக்குள் ஒரு அட்டை வைத்துச் சரிக்கட்டலாம். விந்தல் குறையும், அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இடுப்பின் பக்கத் தசைகள் 43 வருடம் பாதி வேலைதான் செய்திருக்கின்றன, அவை பலம் பெற மாதங்கள் ஆகும். வலி விஷயத்தில் பெரும்பாலோருக்கு நல்ல விடுதலை கிடைக்கிறது. அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் இடது கால் நீளமாகிவிட்டதுபோலத் தோன்றும். முதுகெலும்பு பழைய சாய்வுக்கே பழகிப்போனதால் வருவது அது. அவசரப்பட்டு வலது செருப்பை உயர்த்திவிடாதீர்கள்.

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட மூட்டுகள் 25 ஆண்டு தாண்டியும் ஓடுகின்றன. 46 வயதில் வைத்தால் வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற நேரலாம், இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 60 வரை பதினான்கு வருடம் இருக்கிறது. அதற்குள் தசை இன்னும் மெலியும், முதுகும் வலது முழங்காலும் சேர்ந்து கெடும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை, நீங்கள் விழுங்கும் வலி மாத்திரைகள்தான். சர்க்கரை உள்ளவர் வருடக்கணக்கில் டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சாப்பிட்டால் சிறுநீரகம் தாங்காது. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி மூன்று வருடமாக இருக்கிறது என்றால், சோதனைகள் சரியாக வந்தபின் செய்துகொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அதுவரை ஒரு கைத்தடி வாங்குங்கள். வலிப்பது இடது இடுப்பு, தடி வலது கையில் இருக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடித்து, இடது காலோடு சேர்த்து ஊன்றினால்தான் இடுப்பின் மேல் விழும் பாரம் நன்றாகக் குறையும். நாளைக்கே செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சர்க்கரையை இப்போதே பிடித்துக் கட்டுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையில் (எச்பிஏ1சி) 8 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 7.5-க்குக் கீழே இருந்தால்தான் பல மருத்துவர்கள் நாள் குறிப்பார்கள். சொத்தைப் பல், கால் விரல் இடுக்குப் புண், சிறுநீர்க் கிருமி எல்லாவற்றையும் அதற்குள் பார்த்துவிடுங்கள். அப்புறம், மூட்டு வலிக்கு என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஜாமு என்ற மூலிகை மாத்திரைகள், பெயர் தெரியாத உருண்டைகள். சாப்பிட்டவுடன் வலி பறந்துவிடுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சுகாதார அமைச்சு இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. சர்க்கரையை ஏற்றி, கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைப்பது அதுதான். சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் இடுப்பு சாதாரணத் தேய்மான இடுப்பு அல்ல. எலும்புத் தலை பொருந்தும் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கலாம், தொடை எலும்பின் உட்குழல் குறுகியிருக்கலாம், சின்ன அளவு மூட்டை முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருக்கலாம். 'இந்த மாதிரி இடுப்பு நீங்கள் செய்திருக்கிறீர்களா டாக்டர்?' என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைக் கட்டணம் குறைவுதான், மூட்டின் விலைதான் தனியாக வரலாம். நாள் குறிக்கும்போதே அங்குள்ள மருத்துவச் சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள். குடும்பம் அரசாங்கத்தின் எஸ்டிஆர் பண உதவி பெறுகிறது என்றால், 40 வயதைத் தாண்டிய உங்களுக்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் மருத்துவக் கருவிக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளிவரை உதவி உண்டு. உங்கள் மூட்டு அதில் சேருமா என்றும், அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதை அறுவைக்கு முன்பே செய்துவிடுங்கள். குந்தும் கழிவறையாக இருந்தால் அதன்மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி வேண்டும். துணியைத் தரையில் விரித்து, குனிந்து வெட்டும் பழக்கம் இருந்தால் அதோடு முடிந்தது, இடுப்பு உயர மேசை ஒன்று போடுங்கள். தையல் மெஷினுக்கு முன் உட்காரும் நாற்காலியில் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். சம்மணம், கால்மேல் கால், தாழ்வான முக்காலி எல்லாம் பல வாரங்களுக்கு ஆகாது. சாதாரணமாக மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைப்பார்கள். எலும்பை வெட்டிக் குறைத்திருந்தால் ஆறு வாரம் அல்லது அதற்கு மேலும் முழுப் பாரம் போடவிட மாட்டார்கள். தீபாவளித் துணிக்கு முன்பணம் வாங்கும் காலத்தில் நாள் குறிக்காதீர்கள்.

கடைசியாக அம்மா. 43 வருடத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிக் கோப்பு கிடைப்பது கடினம். தோட்டத்து டிரெசரின் புத்தகமும் இருக்காது. நடந்ததைக் கண்ணால் பார்த்து இன்றும் நினைவில் வைத்திருப்பவர் உங்கள் அம்மா ஒருவர்தான். ஸ்பெஷலிஸ்டுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருக்கிறது. சீழ் எடுத்த பிறகு புண் எத்தனை நாளில் மூடியது? மறுபடி எப்போதாவது வடிந்ததா? எத்தனை வாரம் ஊசி போட்டார்கள்? மாதக்கணக்கில் தினமும் ஊசி போட்டார்களா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? இதை அழுத்திக் கேளுங்கள். எலும்புக் காசநோயாக இருந்திருந்தால் சோதனையும் மருந்தும் வேறு. காலில் மாவுக்கட்டு போட்டார்களா, எந்த வயதில் மறுபடி நடந்தீர்கள்?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். 'டாக்டர் உங்களைத்தான்மா கேட்கிறார், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது' என்று சொல்லிக் கேளுங்கள். அழுதால் கொஞ்ச நேரம் விடுங்கள், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது அந்த நோட்டோடு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரின் அறைக்கு வெளியே நாற்காலியில் விட்டுவிடாமல், உள்ளே உங்களுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.